காவலும் கடிகாரமும்: 'வாட்ச்' என்ற சொல்லை முன்வைத்து

ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று உண்டு. காலம், வேலை ஒழுங்கு, தொழில் முதலாளியம் ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவைப் பற்றியது. அதைத் தமிழில் சுருக்கித் தரும்படி நீடாமங்கலத்து நண்பர்கள் கேட்டிருந்தார்கள். விவசாயத் தொழிலாளர் மத்தியில் வேலை செய்கிற சில இளைஞர்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்காக. கட்டுரையில் கால்வாசிகூடத் தாண்டவில்லை, 'வாட்ச்' என்ற சொல் காலைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் சட்டைப்பையில் கிடக்கிற கடிகாரமும் வாட்ச்தான். இரவில் தெருவைச் சுற்றிவருகிற காவல்படையும் வாட்ச்தான். அவர்கள் விழித்திருக்கிற நேரப் பகுதிக்கும் அதுவே பெயர். ஒரு ஆளை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் வாட்ச். தமிழில் எழுத உட்கார்ந்தால் நாலாக உடைகிறது: கடிகாரம், காவல், சாமம், கண்காணிப்பு.

எழுத்துத் தமிழில்தான் இந்த உடைப்பு. பேச்சுத் தமிழ் அந்தச் சொல்லை முழுசாகவே வாங்கிப் போட்டுக்கொண்டது. 'வாச்சு கட்டியிருக்கான்' என்கிறோம். 'பேங்க் வாச்மேன்' என்கிறோம். 'க்யூ பிராஞ்ச்காரன் ரெண்டு நாளா வாட்ச் பண்றான், கூட்டத்தை வேற எடத்துல வச்சுக்குவோம்' என்று பேசிக்கொண்ட தோழர்கள் இதை வாசிப்பவர்களில் இருப்பார்கள். பொருள் என்றால் 'வாச்சு', செயல் என்றால் 'வாட்ச் பண்ணு' என்று உச்சரிப்பிலேயே ஒரு பிரிவினை நடந்திருப்பதையும் கவனிக்கலாம். ஆனாலும் வேர் ஒன்றாகவே இருக்கிறது. படித்தவர்களின் தமிழ் பிரித்துவைத்ததைத் தெருவின் தமிழ் சேர்த்தே வைத்திருக்கிறது. இந்தப் பிரிப்பினால் டெல்டாவின் வரலாற்றில் எது நம் கண்ணுக்குத் தப்புகிறது என்பதுதான் இங்கே என் கேள்வி.

ஆங்கிலச் சொல்லின் அடியில் கிடப்பது பார்வை இல்லை, விழிப்பு. தூங்காமல் இருத்தல் என்ற பொருள் கொண்ட பழைய வேரிலிருந்துதான் அது வருகிறது. தூங்காமல் இருப்பவன் காவலாளி ஆனான். அவன் தூங்காத நேரத்தைப் பங்குபோட்டபோது அது நேர அளவாயிற்று. கப்பலில் நாலு மணி நேரத்துக்கு ஒரு வாட்ச், மாலையில் மட்டும் இரண்டு இரண்டு மணியாக உடைத்த இரு குட்டி வாட்ச். (ஒரே ஆட்களுக்கே நடு ராத்திரி முறை தினமும் விழக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. மாலுமிகள் சங்கம் வைப்பதற்கு முன்பே சுழற்சி முறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.) பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் உடம்போடு கொண்டுபோகும் சிறு கடிகாரத்துக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. ஆக, சீமானின் இடுப்புச் சங்கிலியில் தொங்கிய தங்கச் சாமானுக்கும், அவன் வீட்டு வாசலில் குளிரில் விறைத்துக்கொண்டு நின்றவனுக்கும் ஒரே பெயர். தூக்கம் கெட்டவன் ஒருவன், பெயரைப் போட்டுக்கொண்டவன் இன்னொருவன்.

இந்தச் சொல்லின் உறவுக்காரச் சொற்களைத் தமிழாக்க வேண்டிய நெருக்கடி நம் டெல்டாக் கரையிலும் வந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1715இல் தமிழில் அச்சிட்டு முடித்தார். பின்னால் வழக்கில் நிலைத்த தமிழ் விவிலியத்தில் இரவின் பகுதி 'ஜாமம்' ஆகிறது, ஆண்டவர் சீடர்களிடம் கேட்பது 'விழித்திருத்தல்' ஆகிறது, கோட்டை வாசலில் நிற்பவர் 'காவல்' ஆகிறார். மொழிபெயர்ப்பாளர்கள் தேடி அலையவில்லை, சொற்கள் தயாராக இருந்தன. முல்லைப்பாட்டில் பாசறையில் கிடக்கிற அரசனுக்கு நீர்க்கடிகாரம் பார்த்து நாழிகை சொல்லும் கணக்கர்கள் வருகிறார்கள், பக்கத்திலேயே மெய்காவலர்களும் வருகிறார்கள். மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு யாமத்தில் திருடர்களைத் தேடித் திரிகிற ஊர்க்காப்பாளர்கள். காவலும் காலக்கணக்கும் ஒரே இரவில், ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகளாக அங்கே வேலை செய்கின்றன. சங்கத்தமிழின் அழகைச் சொல்லி மாய்ந்துபோகிறவர்கள் இந்தச் சம்பளப் பட்டியலைப் பார்ப்பதில்லை.

'கடி' என்ற உரிச்சொல்லுக்குக் காவல் என்றும் பொருள் உண்டு என்பது தொல்காப்பியம் படித்தவர்களுக்குத் தெரியும். காவல் உள்ள மரம் கடிமரம். கடிகாரம், கடிகை என்பவையோ 'கட' என்ற வடசொல்லின் வழி வந்தவை, குடம் என்று பொருள். ஓட்டைக் கிண்ணம் நீரில் மூழ்கும் நேரத்தை வைத்து அளந்த காலத்தின் மிச்சம். வேர்ச்சொல் விளையாட்டுக்காரர்களுக்கு இங்கே நல்ல தீனி இருக்கிறது. நான் அந்த ஆட்டத்துக்கு வரவில்லை. ஒலி ஒற்றுமை ஒன்றையும் நிரூபிக்காது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 'நாழி'யும் 'நாழிகை'யும். ஒன்று நெல்லை அளக்கிறது, இன்னொன்று நேரத்தை அளக்கிறது, இரண்டுக்கும் மூலம் ஒரு குழாய்ப் பாத்திரம். நாழிகை என்பது 24 நிமிடம், நாளுக்கு 60. கூலியை நாழியால் அளந்துபோட்ட ஊரில் வேலையை நாழிகையால் அளக்க யாரும் முன்வரவில்லை என்பதுதான் டெல்டாவின் கதை. அதற்கு வருவதற்கு முன் கங்காணியைக் கடந்தாக வேண்டும்.

தொண்ணூறுகளில் 'நிறப்பிரிகை' முதலான ஏடுகள் வழியாக மிஷேல் ஃபூக்கோ தமிழுக்கு வந்தபோது 'கண்காணிப்பு' என்ற சொல் புதுப் பளபளப்போடு புழங்கத் தொடங்கிற்று. பெந்தாம் வரைந்த வட்டச் சிறையும் அதன் நடுக்கோபுரமும் நம் கட்டுரைகளில் இடம்பிடித்தன. 1975இல் வந்த அந்தப் பிரெஞ்சு நூலின் தலைப்பில் இருக்கிற முதல் சொல்லை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று 1977இல் மொழிபெயர்த்த ஆலன் ஷெரிடனே திணறியிருக்கிறார், குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் அடியிலும் விழித்திருத்தல்தான் கிடக்கிறது. நமக்குத் திணறல் ஏற்படவில்லை. ஏன் என்று நாம் யோசிக்கவும் இல்லை.

ஏனென்றால் 'கண்காணி' ஏற்கனவே இருந்தான். அகராதியில் மேற்பார்வையாளன் என்ற ஒற்றை வரிப் பொருளோடு இருந்தான். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றி மலாயாவுக்கும், தெற்கே மண்டபம் தலைமன்னார் வழியாக இலங்கைக்கும் ஆள் கொண்டுபோனபோது கங்காணியாகத் தேய்ந்து, அங்கிருந்து ஆங்கில அகராதிக்குள்ளேயே குடியேறியவன் அவன். உலக முதலாளியம் தமிழிலிருந்து கடன் வாங்கிய சொற்களில் 'கூலி'யும் 'கங்காணி'யும் முன்வரிசையில் நிற்கின்றன. (கூலியின் பிறப்பிடம் பற்றி வழக்கு உண்டு, கங்காணி பற்றி இல்லை.) இலங்கைத் தோட்டத்தில் பெரட்டுக்களத்தில் விடியுமுன் ஆளை நிறுத்தி எண்ணுவான். வேலைக்கு இறங்கிய தலை ஒவ்வொன்றுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. அதாவது பார்ப்பது என்றால் எண்ணுவது, எண்ணுவது என்றால் சம்பாதிப்பது. கடனைச் சீட்டில் எழுதி ஆளைக் கட்டிவைத்த துண்டு முறை இலங்கையில் 1921இல் ஒழிக்கப்பட்டது. மலாயாவுக்குக் கங்காணி மூலம் ஆள்போவது 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிந்தது. இந்த நூறு சொச்சம் வருஷத்துச் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பாரிஸ் சிறையின் வரைபடத்தை நாம் வியந்துகொண்டிருந்தோம். ஃபூக்கோவைப் படித்திருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அவரைப் படித்த கையோடு வரப்பைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்போம் என்கிறேன். கோபுரத்தில் இருக்கிறவன் கண்ணுக்குத் தெரியமாட்டான், இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது, அதனால் கைதி தன்னைத்தானே பார்த்துக்கொள்வான் என்பது அங்கே தத்துவம். வரப்பில் நிற்கிறவன் குடையோடு நிற்பான். ஊருக்கே தெரியும். தெரிவதில்தான் அவன் பலம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்க்கிறவன் என்றைக்கும் பார்க்கிறவனாகவே இருந்துவிடுவதில்லை. டெல்டாவை விட்டுக் கொஞ்சம் மதுரைப் பக்கம் போனால் காவல் என்பது ஒரு சமூகத்தின் உரிமையாகவும் வருமானமாகவும் இருந்ததைப் பார்க்கலாம். கிராமங்கள் காவல்கூலி கொடுத்தன. வெள்ளை அரசு 1859ஆம் வருஷச் சட்டத்தின் மூலம் மாகாணம் முழுக்கத் தனக்கென்று போலீஸை அமைத்துக்கொண்ட பிறகு, அதே பழைய காவல்காரர்கள் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை வாங்கினார்கள். ஆண்கள் இரவில் போலீஸ் சொன்ன இடத்தில் வந்து படுக்க வேண்டும், பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் போயிற்று. ஊருக்காக விழித்திருந்தவனை அரசு தன் முன்னால் தூங்கச் சொன்னது. 'வாட்ச்' என்ற சொல்லின் இரண்டு முனைகளும் ஒரே ஆளின் கழுத்தில் விழுந்த கதை இது.

இனி நீடாமங்கலம். வெண்ணாறு இந்த ஊரை ஒட்டித்தான் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என மூன்றாகப் பிரிகிறது, மூணாறு தலைப்பு என்பார்கள். தலைப்பில் ஷட்டரைத் திறந்து மூடுகிற நீர்வளத்துறை ஊழியருக்கு 'லஸ்கர்' என்று பெயர். கப்பலில் வாட்ச் பார்த்த இந்திய மாலுமிகளுக்கும் அதே பெயர்தான் ஆங்கிலத்தில் இருந்தது. மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எத்தனை நாளில் வரும் என்பது இங்கே வாய்ப்பாடு. தண்ணீருக்கு முறை உண்டு. முறை வந்தால் ராத்திரியில் வாய்க்கால் ஓரம் மண்வெட்டியோடு விழித்திருக்க ஆள் வேண்டும். அறுவடையானால் களத்தில் அம்பாரத்தைக் காக்க ஆள் வேண்டும். நெல் குவியல்மேல் சாம்பலையோ சாணிப்பாலையோ தெளித்துக் குறி போட்டுவைப்பார்கள், ஒரு கை அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுக்கும். தூங்குகிற முதலாளியின் கண்ணாக அந்தக் குறி விழித்திருக்கும்.

அந்தச் சாணிப்பாலைத்தான் மனிதர்களுக்கும் கொடுத்தார்கள். 1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் காங்கிரஸ் அரசியல் மாநாடு நடந்தது. சமபந்தி விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதற்காகத் தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களை அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் கொடுத்த கொடுமையை 'விடுதலை' ஏடு வெளியில் கொண்டுவந்தது. ஏட்டின்மீதுதான் வழக்குப் பாய்ந்தது. ஆ. திருநீலகண்டன் இதை முழுதாகத் தோண்டியெடுத்து 2017இல் புத்தகமாகத் தந்திருக்கிறார், நீடாமங்கலம் என்ற பெயரைக் கேட்டதும் ரயில்வே கேட்டை மட்டும் நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும். என் விஷயத்துக்கு அதில் தைப்பது இது: பந்தியில் இலை போட்டவர்களும் உட்கார்ந்தவர்களும் இருந்த கூட்டத்தில், யார் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்த்து மனசில் குறித்துக்கொண்ட கண்களும் இருந்திருக்கின்றன. தமிழில் 'பார்' என்ற சொல் மகா விபரீதமானது. வேலை பார்க்கிறோம், மணி பார்க்கிறோம், வைத்தியம் பார்க்கிறோம், சாதியும் பார்க்கிறோம்.

பண்ணையாள் குடும்பத்தில் பிறந்த, எண்பதைத் தாண்டிய ஆயா ஒருத்தரிடம் அந்தக் காலத்து வேலை நேரத்தைப் பற்றிக் கேட்டேன்.

"நேரமா? ஏது தம்பி நேரம். நாத்தங்கால்ல எறங்குறப்ப வெள்ளி மொளச்சிருக்கும். கரையேறுறப்ப மேக்கால ஒரு வெள்ளி மொளச்சிருக்கும். ரெண்டும் ஒரே வெள்ளிதானாமுல்ல, பேத்தி படிச்சுட்டு வந்து சொல்லுது. எங்களுக்கு அது ரெண்டுதான்."

"பண்ணை வீட்டுல கடிகாரம் இருந்திருக்குமே ஆயா?"

"சொவத்துல ஒண்ணு அடிக்கும். வாசல்ல நின்னாக் கேக்கும். அது அவுங்க சாப்பாட்டுக்கு அடிக்கிறது. எங்களுக்கு எதுக்கு அடிக்கப் போவுது? சங்கத்துக் கொடி ஏறினப்பறந்தான், இத்தன மணிக்கு எறங்குவோம், இத்தன மணிக்கு ஏறுவோம்னு எங்கப்பாரு பேசக் கேட்டுருக்கேன். ஆண்டே, மணி ஆயிருச்சுங்கன்னு ஒரு நாளு சொல்லிப்புட்டாராம். அதுக்கு ஐயா, ஒனக்கு ஏதுடா மணின்னு கேட்டாராம்."

'உனக்கு ஏது மணி' என்ற அந்தக் கேள்வியில் தாம்ப்சனின் முழுக் கட்டுரையும் இருக்கிறது, தலைகீழாக. இங்கிலாந்தில் என்ன நடந்தது? வீட்டு வேலைபோல வேலைக்குத் தக்கபடி நேரம் என்று வாழ்ந்த மக்களை ஆலைக் கடிகாரத்துக்குப் பழக்கினார்கள். முதலாளிகள் காலையில் முள்ளை முன்னே தள்ளிவைத்தார்கள், மாலையில் பின்னே இழுத்துவைத்தார்கள். ஒரு ஆலையில் கைவசம் கடிகாரம் வைத்திருந்த ஒரே தொழிலாளியிடமிருந்து அதைப் பிடுங்கி முதலாளியிடம் கொடுத்துவிட்டார்கள். சக தொழிலாளிகளுக்கு மணி சொன்னதுதான் அவன் குற்றம். 1797இல் பிட் அரசு கடிகாரங்களுக்கு வரி போட்டு அடுத்த வருஷமே கைவிட்டது. முதல் தலைமுறைக்கு நேரத்தின் அருமையை முதலாளி போதித்தான், இரண்டாம் தலைமுறை பத்து மணி நேர வேலைக்குப் போராடிற்று, மூன்றாம் தலைமுறை மிகைநேரக் கூலி கேட்டது என்று ஒரு ஏறுவரிசையைத் தாம்ப்சன் காட்டுகிறார். நல்ல வரிசைதான். ஆனால் அதன் முதல் படியில் கடிகாரம் முதலாளியின் கையில் இருக்கிறது.

டெல்டாவில் முதல் படியே வேறு. இங்கே பண்ணையாரின் ஆயுதம் கடிகாரம் இல்லை, சூரியன். விடியக் கருக்கல் முதல் பொழுது சாயும்வரை என்பது அளவில்லாத அளவு. மழை மூட்டத்தில் பொழுது எப்போது சாய்ந்தது என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் வரப்பில் குடையோடு நின்ற காரியக்காரருக்கு. ஆகவே, நம் எழுத்தாளர்கள் சிலர் (பெயர் சொல்ல வேண்டாம், நல்ல நண்பர்கள்) இயற்கையோடு இயைந்த காலம், கடிகாரம் தின்னாத காலம், கிராமத்தின் வட்டக் காலம் என்று உருகும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. அந்த வட்டம் யாருடைய முதுகைச் சுற்றிப் போயிற்று? வேலையின் இயல்புக்கு ஏற்ற நேரம் மணிக்கணக்கு வேலையைவிட மனிதத்தன்மையோடு புரிகிற ஒன்று என்கிறார் தாம்ப்சன். வேலை தன்னுடையதாக இருக்கிறவனுக்கு அது சரி. கூலிக்கு ஆள் வைத்த கணத்தில் இது மாறுகிறது, எஜமானின் நேரம் வேறு ஆளின் நேரம் வேறு ஆகிவிடுகிறது என்று அவரே ஒரு கதவைத் திறந்தும் வைக்கிறார். அந்தக் கதவு வழியே போயிருந்தால் கீழத்தஞ்சைக்கு வந்திருப்பார்.

1943இல் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்து, செங்கொடிச் சங்கம் கட்டி, சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக மக்களைத் திரட்டினார் என்பதை நாம் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறோம். எழுதாமல் விட்டது, வேலைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு என்ற எண்ணம் சேரித் தெருவுக்குள் நுழைந்த விதம். அடிக்காதே என்பது ஒரு கோரிக்கை. மணி ஆயிற்று என்பது இன்னொரு வகைக் கோரிக்கை. முதலாவதில் உடம்பு கேட்கிறது. இரண்டாவதில், உன் வேலை முடிந்த பிறகு எனக்கென்று ஒரு பொழுது இருக்கிறது என்ற வாதம் இருக்கிறது. அந்தப் பொழுதில்தான் கூட்டம் போட முடியும், கொடி கட்ட முடியும், பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தர ஆள் தேட முடியும். 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் நிலக்காரர்கள் பலர் பண்ணையாட்களைக் கழற்றிவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். அதில் இழந்தது நிறைய. ஆனால் 'நாள்' என்றால் எவ்வளவு என்ற கேள்வி அதற்குப் பிறகு தப்பிக்க முடியாததாயிற்று. கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்ட போராட்டங்களின் தொடர்ச்சியில்தான் 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். அரைப்படி நெல் கணக்கில் வந்தது. அரை நாழிகை கணக்கில் வரவே இல்லை.

பெண்களின் நேரம் இதற்குள்ளும் தனி. நடவுக்குப் போகிறவள் இறங்குமுன்னும் ஏறியபின்னும் அடுப்பு இருக்கிறது. பொம்பளைக்கு அரைநாள் வேலைதானே என்று சொல்லியே கூலியைக் குறைத்து வந்திருக்கிறார்கள். மீதி அரைநாளை யாரும் வேலை என்று பார்க்காததால் அது நேரமாகவும் ஆகவில்லை. பின்னால் நடவை மொத்தமாகப் பேசி எடுத்துக்கொண்டு, குழுவாக இறங்கி, வெயில் ஏறுமுன் முடித்துக் கரையேறுகிற வழக்கத்தைப் பெண்களே கொண்டுவந்தார்கள். முதுகு ஒடியும்தான். ஆனால் வரப்பில் குடைபிடித்து நிற்பவனுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. இதை யாரும் கோட்பாடாக எழுதவில்லை.

தமிழில் ஒரு சேர்க்கை உண்டு. காத்தல், காத்திருத்தல். காவல் செய்வதும், வராத ஒன்றுக்காக நிற்பதும் ஒரே வேர். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நெல் மூட்டை ஏற்றும் சரக்கு வண்டிக்காக அங்குமிங்கும் எஞ்சின் மாறும்போது பஸ்ஸில் உட்கார்ந்து வாச்சைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்களுக்கு இதன் ஒரு பொருள் தெரியும். முழுப் பொருளும் தெரிய வேண்டுமானால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். சாக்கு இல்லை, லாரி வரவில்லை, இன்றைக்கு இவ்வளவுதான் என்பார்கள். சிறு விவசாயி குவியலைத் தார்ப்பாயால் மூடி, பகலில் பிரித்துக் காயவைத்து, இரவில் அதன் பக்கத்திலேயே படுத்திருப்பார். 2025 அக்டோபரில் குறுவை நெல் மழையில் முளைவிட்டபோது இந்தப் பகுதி முழுக்க இதே காட்சிதான். அவர் நெல்லைக் காக்கிறாரா, அரசுக்குக் காத்திருக்கிறாரா? இரண்டும் ஒரே செயல். முன்பு அம்பாரத்தைக் காக்கப் பண்ணையாருக்கு ஆள் இருந்தது, இப்போது குத்தகைக்காரர் தன் அம்பாரத்துக்குத் தானே வாச்மேன்.

கடைசியாக, நூறுநாள் வேலை. தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் களங்களில் வருகையைக் கைபேசிச் செயலியில் பதிவுசெய்யும் முறை 2021 மே மாதம் அறிமுகமாயிற்று. 2023 ஜனவரி 1 முதல் அது எல்லாக் களங்களுக்கும் கட்டாயமாயிற்று. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். இடமும் நேரமும் படத்திலேயே பதிந்துவிடும். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தின் இடத்தில் 125 நாள் என்று வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது, அதன் அரசியல் தனிக் கட்டுரைக்குரியது. எனக்கு இங்கே வேண்டியது அந்தப் படம். பார்வை, ஆள் எண்ணிக்கை, நேரம் மூன்றும் ஒரே சாமானுக்குள் வந்து சேர்ந்தன, 'வாட்ச்' என்ற சொல்லில் நாம் பிரித்துப் பிரித்துத் தமிழாக்கிய அத்தனையும்.

ஆனால் பாருங்கள், அந்த வேலையில் கூலி பெரும்பாலும் வெட்டிய மண்ணின் அளவுக்கு. இவ்வளவு குழி என்று அளந்துகொடுத்தால், முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நடவுப் பெண்கள் தாங்களே கண்டுபிடித்த அதே நியாயம். படம் வந்தபின், காலையிலேயே குழியை முடித்தவர்களும் இரண்டாவது படத்துக்காகக் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. மண் வேலை நேரமில்லை, காத்திருப்பே வேலை. பண்ணையாருக்கு எதிரே கடிகாரம் கேட்டவர்களின் பேத்திகள், கடிகாரத்துக்கு எதிரே குழிக்கணக்கைக் கேட்டார்கள். இதில் முரண்பாடு எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். மணியா குழியா என்பதில் அவர்களுக்குக் கொள்கை கிடையாது. எது சீக்கிரம் கரையேற விடுகிறதோ அது. வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி, 'அப்ப தாம்ப்சன் தப்பா சரியா?' என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் களத்து மேட்டில்தான் வைத்துக் கேட்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு போகத்துக்கும்.

மக்கள் இந்தக் கண்ணுக்குத் தங்கள் வழியில் பதில் சொல்லியும் இருக்கிறார்கள். படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படத்தை ஏற்றுகிறார்கள் என்று மத்திய அமைச்சகமே 2025 ஜூலையில் சுற்றறிக்கை அனுப்பி, ஏற்றிய படங்களை ஊராட்சி அளவில் முழுவதுமாகச் சரிபார்க்கச் சொல்லிற்று. படம் பார்க்க ஆள், அந்த ஆளைப் பார்க்க மேலே ஆள். மோசடி என்று பத்திரிகைகள் எழுதின. மோசடியில் ஆதாயம் அடைந்தது யார், குழியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போன கிழவியா, இல்லாத ஆளுக்குக் கூலி எழுதியவரா என்று பிரித்து எழுதிய செய்தி எனக்குக் கண்ணில் படவில்லை.

அந்தக் கைபேசி யாருடையது என்பதையும் கேட்டுப்பார்த்தேன். நான் பார்த்த களத்தில் பணித்தளப் பொறுப்பாளர் அதே தெருப் பெண், பத்தாவது படித்தவர். கைபேசி அவர் காசில் வாங்கியது, தவணை முடியவில்லை. நெட் காசும் அவருடையது. டவர் கிடைக்கவில்லை என்றால் கையை உயர்த்திக்கொண்டு வாய்க்கால் கரையில் அங்குமிங்கும் நடப்பார், படம் ஏறாவிட்டால் அத்தனை பேருக்கும் அன்றைய வருகை போய்விடும். தெருவில் எல்லாரும் அவரைத் திட்டுவார்கள். தலைக்காசு அவருக்குக் கிடையாது. "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க, கண்ண மூடாதீங்க, ஏறலேன்னா திரும்ப எடுக்கணும்" என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தபோது மணி இரண்டே கால். அவர் கையில் வாச்சு இல்லை, போனில்தான் பார்த்துச் சொன்னார்.